வல்லத்திராக்கோட்டையிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு வாரம் லீவு கிடைத்தால் எங்கே போவது என்று பேச்செடுத்தால் வரும் பதில்கள் தெரிந்தவைதான். கொடைக்கானல், ஊட்டி, குற்றாலம். பிள்ளைகள் கடல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ராமேஸ்வரம் அல்லது வேளாங்கண்ணி. அறந்தாங்கி வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போனால் மணமேல்குடியில் கடல் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாததல்ல. ஆனால் அங்கே போய்விட்டு வந்து 'டூர் போனோம்' என்று சொல்லிக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. அந்தக் கடல்தான் மீன்காரரின் வண்டியில் ஐஸ் பெட்டியோடு வாசலுக்கே வந்துவிடுகிறதே, அதைப் போய் வேறு பார்க்க வேண்டுமா என்ற நினைப்பு!

இந்த அலட்சியத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரையே கிடையாது. 1948 மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானபோதும் அதே நிலைதான். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பகுதி வந்து சேர்ந்தது. கூடவே சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரையும் சீதனம் மாதிரி வந்தது. 50 வருடம் தாண்டியும் உள்ளூர்க்காரர்கள் அதை வேறு மாவட்டத்துச் சொத்தாகவே பார்க்கிறார்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது கோவளம் அல்ல. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல். இலங்கை குறுக்கே கிடப்பதால் பெரிய அலைகள் இந்தப் பக்கம் வருவதில்லை. பல இடங்களில் மணலைவிடச் சேறு அதிகம். அலையில் குதித்து விளையாட நினைப்பவர்கள் இங்கே வந்தால் அரை நாளில் கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதனால்தான் இங்கே ஒரு நாள் பயணம் உதவாது; ஒரு வாரம் வேண்டும்.

ஏன் ஒரு வாரம்? இந்தக் கரையின் வேலையே வாரக்கணக்கில்தான் நடக்கிறது. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு மீதி நாள் என்பது பாக் நீரிணையில் உண்டான முறை. இரண்டு தரப்புக்கும் இடையே சண்டை நடந்து நடந்து கிடைத்த சமாதானம் அது. விசைப்படகு திரும்பும் நாளில் கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் ஒரே இரைச்சல்: ஐஸ் வண்டி, ஏலக் குரல், இறாலையும் நண்டையும் தரம் பிரிக்கும் பெண்கள். மறுநாள் போனால் அது அதே ஊர்தானா என்று சந்தேகம் வரும். வலையைப் பிரித்து ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேர், நிழலில் ஒரு நாய், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வந்தால் இன்னொரு முகம். அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், கோபாலபட்டினம் எல்லாம் முஸ்லிம்கள் கணிசமாக வாழும் ஊர்கள். கோட்டைப்பட்டினம் ராவுத்தர் அப்பா தர்காவுக்கு மத வித்தியாசம் பாராமல் ஆட்கள் வருவார்கள். இதில் ஏதாவது ஒரு நாளை மட்டும் பார்த்துவிட்டு 'அங்கே ஒண்ணுமில்லை' என்று சொல்பவர்கள் பாதிப் படத்தில் எழுந்து வந்தவர்கள்.

வடக்கே கட்டுமாவடியில் ஆரம்பித்துத் தெற்கே மீமிசல் வரை தினம் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். அவசரமே வேண்டாம். வெயில் ஏறினால் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து பஸ் பிடித்துக்கொள்ளலாம். சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்று மரபு சொல்லும் தெற்கு வெள்ளாறு கடலைச் சேர்வதும் இந்தக் கரையில்தான். நடுவில் ஒரு நாள் கால் வலித்தால் ஆவுடையார்கோயில் போகலாம். பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுவந்த பணத்தை மாணிக்கவாசகர் கோயில் கட்டச் செலவழித்தார் என்பது எல்லோரும் கேட்ட கதை. ஆனால் மதுரை மந்திரி குதிரை வாங்க இந்தப் பக்கம் ஏன் வந்தார் என்று பலர் யோசிப்பதில்லை. குதிரைகள் கடல் வழியாகத்தானே வந்தன! அந்தக் கோயிலின் கல் கொடுங்கையைப் பார்த்துவிட்டு மறுநாள் கரையில் நின்றால் அந்தக் கதை வேறு மாதிரி புரியும்.

மாவட்டத்துக்குக் கடல் கிடைத்த அதே 1974-இல், ஜூன் மாதம், பாக் நீரிணையில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக்கோடு போட்டுக்கொண்டன. கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போனது. அன்றிலிருந்து இந்த ஊர்களின் செய்தி என்றால் கைது செய்தி என்றாகிவிட்டது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி மூழ்கி நான்கு பேர் இறந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் இன்னொரு மோதலில் ஒரு கோட்டைப்பட்டினத்துக்காரர். கடலின் அடிமண்ணை வாரும் இழுவை மடியால் எங்கள் பிழைப்பு போகிறது என்று அக்கரைத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் உண்மை. 2017-இல் இலங்கை அந்த மீன்பிடி முறையைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. இக்கரையிலும் நாட்டுப்படகுக்காரர்கள் அதையேதான் சொல்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு வாரம் இந்தக் கரையில் உட்கார்ந்து இரண்டு தரப்பையும் கேட்டால், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லும் பழக்கம் கொஞ்சம் குறையலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடல் பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் பிராணி அது. இந்தக் கடலின் அடியில் வளரும் புல்லைத் தின்று வாழ்கிறது. சுற்றுலாக்காரர்கள் குறை சொல்லும் அதே ஆழமில்லாத, அலையில்லாத தன்மையால்தான் வெயில் அடிவரை இறங்கிப் புல் வளர்கிறது. ஆவுளியாவைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம். ஆனால் வலையில் சிக்கியதைத் திரும்பக் கடலில் விட்டு வனத்துறையிடம் பரிசு வாங்கிய மீனவர்கள் உண்டு. அவர்கள் சொல்லக் கேட்பதே போதும்.

கரையிலேயே தங்க வசதி குறைவு. பெரும்பாலும் அறந்தாங்கி லாட்ஜ்தான் கதி. முத்துக்குடாவின் அலையாத்திக் காட்டைப் பிச்சாவரம் போலப் படகு விட்டுக் காட்டும் முயற்சி நடந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் அடுத்த படியாக ரிசார்ட், வேலி, 'அனுமதி இல்லை' போர்டு என்று போனால் கருவாடு காயப்போடும் பெண்கள் எங்கே போவார்கள்? இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை இருக்கிறது. பெரும்பகுதி, கள்ளக்கடத்தலைப் பிடிக்கக் காவலர்கள் நடந்து நடந்து உண்டான தடம். பிற்பாடு அதையே நடப்பவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். கடலோர ஊர்களில் வீட்டு அறையை வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறார்கள். இங்கேயும் வேண்டியது அவ்வளவுதான். ஊருக்கு இரண்டு சுத்தமான அறை, பெண்கள் போகக்கூடிய கழிப்பறை, குடிதண்ணீர், முகத்துவாரங்களைச் சுற்றிப் போக வழி காட்டும் ஒரு பலகை. வருபவர்களும் அது பிறர் வேலை செய்யும் இடம் என்பதை நினைவில் வைத்து, வலையையும் கருவாட்டையும் மிதிக்காமல் நடக்க வேண்டும்.

மே மாத லீவில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மட்டும் போகும். வெயிலும் மண்டையைப் பிளக்கும். பொங்கல் கழிந்து பிப்ரவரி வரை நல்ல காலம். விடியுமுன் கிளம்பி அறந்தாங்கியில் பஸ் மாறினால் காலைச் சாப்பாட்டுக்கு மணமேல்குடி.