கம்பெனி சுவரோரம் முளைக்கும் கீரை: பறிக்கலாமா, வேண்டாமா?

ஒரகடத்தில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போது போனை விட்டுவிட்டுக் காலடியைக் கொஞ்சம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு என்றால், மூக்கிரட்டை தரையில் படர்ந்திருக்கும். வேலியில் முடக்கத்தான் ஏறியிருக்கும். குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை எல்லாம் யாரும் விதைக்காமலே வந்து நிற்கும்.

நமக்கு இது புல்பூண்டு. எங்கள் ஆயாவுக்கு இது ராத்திரிக் குழம்பு. ஐந்தாறு வகையைக் கிள்ளி வந்து ஒன்றாகக் கடைந்தால் அதுதான் கலவைக்கீரை. அவருக்கு ரெண்டே விதி: வேரோடு பிடுங்காதே, பெயர் தெரியாததைத் தொடாதே.

ஏன் கூச்சம்?

குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புகூட இல்லாமல் வேகவைத்து, யாரும் பார்க்காதபடி கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடும் ஒரு குடும்பத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. காட்டுக்கீரை என்றாலே வறுமை என்ற அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் அதே மூக்கிரட்டையைப் பொடியாக்கி டப்பாவில் விற்றால் காசு கொடுத்து வாங்குகிறோம்!

அப்போ பறிக்கலாமா?

சாலையோரத்தில் வேண்டாம். காட்மியம் போன்ற கன உலோகங்களை மண்ணிலிருந்து இலைக்கு இழுக்கும் தன்மை கீரைகளுக்கு உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது; ஆனால் ஈயம் மக்காது, பழைய சாலையோர மண்ணில் தங்கிவிடும். இலைமேல் படிந்த தூசியைக் கழுவலாம். வேர்வழி ஏறியதைக் கழுவ முடியாது. களைக்கொல்லி அடிக்கும் சுவரோரமும், கழிவுநீர் கலக்கும் ஏரிக்கரையும் இதே கணக்குதான்.

என்னதான் செய்வது?

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். வேலை வந்தது, சம்பளம் வந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் சோறு போடுவது இந்தச் சாலைதான். ஆனால் கீரை பறித்த வரப்பும் களத்துமேடும் சுருங்கிவிட்டன. இடம் போனால், ஒரே தலைமுறையில் பெயரும் போய்விடும்.

அதனால் என் கருத்து இது: கீரையைச் சாலையோரத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தொழிற்சாலைகள் பச்சைப் பட்டை என்ற பெயரில் வளர்க்கும் புல்தரையில் ஒரு மூலையை, மண்ணைச் சோதித்துவிட்டு, கேன்டீன் கீரைக்கு விடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மாடியில் நாலு குரோ பேக் போதும்.

என் மாடியில் குப்பைக்கீரை ஒருமுறைதான் விதைத்தேன். விதை உதிர்ந்து, அதுவே திரும்பத் திரும்ப முளைக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்க்கிறேன். ஆயாவும் அப்படித்தான், காப்பிக்கு முன்னால் செடி.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது வீட்டுப் பெரியவர்களோடு ஒருநாள் காலையில் வரப்பில் நடந்து பாருங்கள். பத்து கீரைக்குப் பெயர் கேட்டு, போட்டோவோடு போனில் குறித்து வையுங்கள். அந்தப் பெயர்களைச் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.