மதுரையில் மூச்சுத் திணறும் உள்ளூர் சேனல்கள்: கண்டுகொள்ளுமா அரசு?

2024 அக்டோபர் 25-ஆம் தேதி பிற்பகலில் மதுரையில் கொட்டித் தீர்த்த மழையை நகர மக்கள் எளிதில் மறந்துவிட முடியாது. சில மணி நேரத்துக்குள் செல்லூர், நரிமேடு, பீபிகுளம், முல்லை நகர் தெருக்கள் வாய்க்கால்களாயின. செல்லூர் கண்மாய்த் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது, பந்தல்குடி கால்வாய் தாங்குமா, பிள்ளைகளை எந்த வழியில் வீட்டுக்கு அழைத்து வருவது என்று தெரியாமல் மக்கள் தவித்தனர். சென்னையிலிருந்து வரும் செய்திச் சேனல்கள் மதுரை மூழ்கியதைச் சொல்லின. எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்பதைச் சொல்ல அவற்றால் முடியாது. அது அவற்றின் வேலையும் அல்ல. அதற்கென்றே இந்த ஊரில் உள்ளூர் கேபிள் சேனல்கள் இருந்தன. அவை இன்று ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டிருக்கின்றன.

ரூபவாகினி 1982-இல் தொடங்கியபோது, ஆண்டெனாவை உயர்த்திக் கட்டி பூஸ்டர் வைத்து இலங்கை நிகழ்ச்சி பார்த்தவை நம் தென் மாவட்டங்கள். பிறகு கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் எட்டியது. 1990-களில் கேபிள் வந்தது. தெருவுக்குத் தெரு டிஷ் வைத்திருந்த கேபிள்காரர்கள், காலியாகக் கிடந்த ஓர் அலைவரிசையில் தங்கள் ஊர் நிகழ்ச்சியைப் போடத் தொடங்கினர். மாடியில் ஓர் அறை, ஒரு மாடுலேட்டர், ஒரு கேமரா, எடிட்டிங் தெரிந்த ஒருவர், மாலைச் செய்தி வாசிக்க ஒருவர். சேனல் என்பது அவ்வளவுதான். வருமானமும் ஊருக்குள்ளேயே கிடைத்தது. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, திருமண வாழ்த்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி ஆகியவை திரையின் அடியில் வரியாக ஓடும். இறந்தவர் படத்தோடு அடக்கம் எத்தனை மணிக்கு, எந்தச் சுடுகாட்டில் என்ற விவரமும் வரும். அதைப் பார்த்துக் கிளம்பிய உறவினர்கள் எத்தனையோ பேர்.

சித்திரைத் திருவிழாவில் இவர்களின் உழைப்பைப் பார்க்க வேண்டும். பெரிய சேனல்கள் மீனாட்சி திருக்கல்யாணத்தையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பிவிடும். தல்லாகுளம் எதிர்சேவை, தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்பும் அழகர் என்று கூடவே நடந்தவை உள்ளூர் கேமராக்கள். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு அழகரைக் கண்ணில் காட்டியவை அவைதான். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் எந்த ஊர்க் காளை பிடிபடாமல் போனது என்று காலை முதல் மாலை வரை காட்டியவையும் அவையே.

குறையே இல்லாதவை என்று சொல்ல வரவில்லை. இரவுக் காட்சியாகப் புதுப்படத்தைத் திருட்டுத்தனமாக ஓட்டி வழக்கு வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. அதைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது, தண்டிக்கவும் வேண்டும். ஆனால் சேனல்கள் நலிந்ததற்குக் காரணம் அதுவல்ல.

கேபிளை டிஜிட்டலாக்கும் சட்டத்திருத்தம் 2011-இல் வந்தது. 2017 மார்ச் 31-க்குள் நாடு முழுவதும் முடிக்கப்பட வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. படம் தெளிவானது உண்மைதான். ஆனால் தெருக் கேபிள்காரர் தன் லைனில் நேரடியாக ஒரு சேனலைச் சேர்க்கும் வழி அன்றோடு அடைபட்டது. செட்டாப் பாக்ஸ், கேபிள் நிறுவனத்தின் கண்ட்ரோல் ரூமிலிருந்து பூட்டி வரும் சிக்னலை மட்டுமே திறந்து காட்டும். ஆகவே உள்ளூர் சேனல் உயிர்வாழ வேண்டுமானால் கண்ட்ரோல் ரூமில் இடம் வேண்டும். இடத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரு விகிதம் கிடையாது. பணம் கட்டியவரின் சேனல் நம்பரும் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடுகிறது. நேற்று வந்த சேனல் இன்று எங்கே என்று ரிமோட்டை அழுத்திக் களைத்த முதியவர்கள் கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

2022 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய அரசு, கேபிள் நிறுவனங்கள் நடத்தும் உள்ளூர் சேவைகளுக்கு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சேனலுக்கு 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம், 90 நாள் பதிவுகளைப் பாதுகாத்தல் போன்றவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேபிள் நிறுவனத்தின் உள்ளூர் சேவையை மற்றொரு நிறுவனத்துடன் பகிரக் கூடாது என்கிறது அந்த நெறிமுறை. வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு. அதாவது, மீனாட்சியம்மன் கோயில் நேரலையைப் பகிர்ந்துகொள்ளலாம். செல்லூரில் வெள்ளம் புகுந்த செய்தியைப் பகிர முடியாது. ஒரே தெருவில் நான்கு வீட்டில் ஒரு நிறுவனத்தின் பாக்ஸும் அடுத்த நான்கு வீட்டில் இன்னொன்றும் இருக்கும் ஊரில் இது எப்படிச் சரியாகும்? சொந்தமாகக் கண்ட்ரோல் ரூம் இல்லாமல் சேனல் மட்டும் நடத்திவந்த சிறியவர்களுக்கு இந்த நெறிமுறையில் இடம் எங்கே இருக்கிறது என்றும் தெளிவாக இல்லை.

இதன் பாதிப்பு நகரிலும் உண்டு, நகருக்கு வெளியேயும் உண்டு. மதுரை மாநகராட்சியில் மட்டும் 100 வார்டுகள். குடிநீர் எந்த நாளில் வரும், மின்தடை எங்கே என்பது ஒவ்வொரு வார்டுக்கும் வேறு. வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு இந்த எண்கள் உயிர்ப் பிரச்னை. பெரியாறு பாசனத்தில் இருபோக நிலம் 45,041 ஏக்கர். மேலூர் பகுதியில் ஒருபோக நிலம் 85,563 ஏக்கர். தண்ணீர் திறக்கும் தேதியையும் முறை வைத்து விடும் நாட்களையும் நம்பித்தான் அங்கே நாற்றங்கால் போடுகிறார்கள். கைப்பேசி இருக்கிறதே என்கிறார்கள் சிலர். கைப்பேசியில் வருவது யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. உள்ளூர் சேனலில் தப்பாகச் சொன்னால் மறுநாள் காலையில் மாடியேறிப் போய்க் கேட்கலாம்.

தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புகளும் 2022-க்குள் அநேகமாக எல்லா இடங்களிலும் நிறுத்தப்பட்டுவிட்டன. இலவச டிஷ்ஷில் மதுரைச் செய்திக்கென்று சேனல் இல்லை. கேபிளும் பாடாய்ப் படுத்துகிறது. 2022 நவம்பரில் அரசு கேபிள் பாக்ஸ்கள் மாநிலம் முழுக்கத் திடீரென முடங்கி, லட்சக்கணக்கான வீடுகளில் திரை இருண்டது. கோபத்தில் கேபிளைத் துண்டித்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. வீடு குறையக் குறைய விளம்பரம் குறைகிறது; கேமராமேன்கள் கல்யாண வீடியோ எடுக்கப் போய்விடுகிறார்கள்.

ஒவ்வொரு தேர்தலிலும் சிறு கேபிள்காரர்களைக் காப்போம், உள்ளூர் சேனல்களுக்குக் கட்டணம் குறைப்போம் என்று வாக்குறுதி தரப்படுகிறது. மனுக்கள் வாங்கப்படுகின்றன, பரிசீலிப்பதாகப் பதில் வருகிறது. ஆட்சிகள் மாறினாலும் மனு நகரவில்லை.

தீர்வு அரசின் கையில்தான் இருக்கிறது. மாவட்டத்துக்குள் இயங்கும் எல்லாக் கண்ட்ரோல் ரூம்களிலும் உள்ளூர் சேனல்களுக்கென மாறாத நம்பர்களை ஒதுக்க வேண்டும். கட்டணத்தைச் சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஏற்ப நிர்ணயித்து வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கோயில் நேரலைக்குத் தந்த விலக்கை வெள்ளம், குடிநீர், பாசனம், மின்தடை அறிவிப்புகளுக்கும் நீட்டிக்க வேண்டும். சமுதாய வானொலிக்கு 2006-லேயே தொண்டு நிறுவனங்கள் வரை அனுமதி கொடுத்த நாடு இது. தொலைக்காட்சிக்கு மட்டும் அப்படியொரு வழி ஏன் இல்லை? கண்ட்ரோல் ரூம் இல்லாத சிறு சேனல்களுக்கும் தனி உரிமம் வழங்கலாம். அணை நீர்மட்டத்தையும் குடிநீர் அட்டவணையையும் தினமும் அவற்றுக்கு நேரடியாக அனுப்ப ஓர் அலுவலரை நியமிக்கலாம். இவற்றில் பாதிக்கு மேல் ஒரு சுற்றறிக்கையில் முடியக்கூடியவை. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள் அந்தச் சுற்றறிக்கையாவது வர வேண்டும்.