காம்பராவுக்கு இலக்கம் இல்லை: மலையகத்தில் ஒரு கடிதம் வந்து சேரும் விதம்

எங்கள் லயத்தில் ஒரு பிள்ளைக்கு அரச வேலையொன்றுக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை நடந்து முடிந்த தேர்வுக்கான கடிதம், வியாழக்கிழமை காலை பெரட்டுக்களத்தில் அவளுடைய அப்பாவின் கையில் கொடுக்கப்பட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். மத்தியானம்தான் என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, மவ பேருக்கு என்னமோ கடுதாசி வந்துருக்கு. கொஞ்சம் பாருங்க" என்றார்.

உறையின் மேல் நகரத்துத் தபாலகத்தின் முத்திரை தெளிவாக இருந்தது. அந்த முத்திரைத் திகதிக்கும் கடிதம் கைக்குக் கிடைத்த நாளுக்கும் இடையில் பதினொரு நாட்கள். நகரத்துக்கும் எங்கள் தோட்டத்துக்கும் இடையிலான தூரம் ஒன்பது கிலோமீற்றர். நடந்து வந்திருந்தாலும் கடிதம் அன்று மாலையே வந்து சேர்ந்திருக்கும்.

இதை எழுதுவது அந்த ஒரு பிள்ளைக்காக மட்டுமல்ல. ஹற்றன், மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலை, அக்கரப்பத்தனை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கேட்டாலும் இப்படி ஒரு கதை இருக்கும். ஒரு வீட்டில் பரீட்சை அனுமதி அட்டை தாமதமாக வந்திருக்கும். இன்னொரு வீட்டில் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகிறது என்ற அறிவித்தல், நகை ஏலம் போன பிறகு வந்திருக்கும். நீதிமன்ற அழைப்பாணை வந்ததே தெரியாமல் பிடியாணை வந்த பிறகு ஓடியவர்களும் இருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நாங்கள் "நம்ம நேரம் சரியில்ல" என்ற ஒரு வசனத்தில் முடித்துவிடுகிறோம். நேரத்தின் மேல் பழிபோடுவதற்கு முன்னால், கடிதம் வருகிற வழியை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

கடிதம் வருகிற வழி

நகரத்தில் தபால்காரர் சைக்கிளில் வந்து வாசலில் மணியடிப்பார். தோட்டத்தில் அப்படியில்லை. தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே கட்டாகத் தபாலகத்தில் சேர்த்து வைக்கப்படும். தோட்ட நிர்வாகம் அனுப்பும் ஆள் அதை எடுத்துக்கொண்டு தோட்டக் காரியாலயத்துக்கு வருவார். அங்கே நிர்வாகத்துக்குரியவை ஒரு பக்கமும் தொழிலாளருக்குரியவை இன்னொரு பக்கமும் பிரியும். தொழிலாளரின் கடிதங்கள் பிறகு டிவிசன் டிவிசனாகப் பிரிக்கப்படும். கணக்கப்பிள்ளையோ கங்காணியோ அந்தப் பக்கம் போகும்போது கொண்டுபோவார்கள். பெரட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு அந்த ஆள் வேலைக்கு வராவிட்டால், பக்கத்து வீட்டுக்காரரிடம் போகும். அவர் மறந்தால் அவ்வளவுதான்.

அந்தப் பதினொரு நாட்களை யார் வைத்திருந்தார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன். ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயமான பதில் இருந்தது. தபாலகத்தில், தோட்டத்துக் கடிதங்களைத் தோட்டத்து ஆளிடம் கொடுப்பதோடு தங்கள் வேலை முடிகிறது என்றார்கள். தோட்டக் காரியாலயத்தில் இருந்தவர், "நாங்க என்ன தபால் கந்தோரா நடத்துறோம்? இது நாங்க உதவிக்குச் செய்யுற வேலை. இதுக்குன்னு யாருக்கும் சம்பளம் இல்லை" என்றார். அவர் சொன்னதிலும் பொய் இல்லை. டிவிசனில் கேட்டபோது, ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருப்பதால் கடிதம் முதலில் மேட்டு லயத்துக்குப் போய்விட்டது என்றார்கள். அதுவும் உண்மைதான்.

உறையில் எழுதப்பட்டிருந்தது அவளுடைய பெயரும் தோட்டத்தின் பெயரும் நகரத்தின் பெயரும் மட்டும். பல டிவிசன்கள், மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் லயங்கள், நூற்றுக்கணக்கான குடும்பங்கள். இத்தனைக்கும் சேர்த்து ஒரே முகவரி. பணிய லயத்தில் இருப்பவருக்கும் ஆத்து லயத்தில் இருப்பவருக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் எழுத்தில் ஒரே இடம்தான். குற்றவாளி என்று ஒரு ஆளைக் காட்ட முடியாததற்குக் காரணமும் இதுதான். தவறு நடந்தது மனிதர்களின் கையில் என்றாலும், அதற்கு இடம் கொடுத்தது இல்லாத ஒரு இலக்கம்.

இலக்கம் ஏன் இல்லை?

நகரத்தில் ஒரு வீட்டுக்கு இலக்கம் எப்படிக் கிடைக்கிறது? உள்ளூராட்சி மன்றம் அந்த வீட்டை மதிப்பிட்டு ஆதன வரி விதிக்கிறது. அந்த வரிப் பதிவேட்டில் உள்ள இலக்கம்தான் வீட்டு வாசலில் பலகையாகத் தொங்குகிறது. லயத்துக் காம்பரா அப்படியான பதிவேட்டில் ஒரு தனி வீடாக இடம்பெறுவதில்லை. 1972இலும் 1975இலும் நடந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. காணி அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு. அதில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர் வீட்டுக்காரரும் இல்லை, சட்டப்படி வாடகைக்காரரும் இல்லை. தொழிலாளி என்பதால் அங்கே தங்கியிருக்கிறார், அவ்வளவே.

இதற்கு மேல் ஒரு சட்டச் சுவரும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. பிரதேச சபைக்கு நாங்கள் வாக்களித்தோம், எங்கள் ஆட்கள் உறுப்பினர்களாகவும் தவிசாளர்களாகவும் வந்தார்கள். ஆனால் லயத்துக்கு முன்னால் ஒரு கானைக் கட்டக்கூட அந்தப் பணம் வரவில்லை. அதோடு, நுவரெலியா பிரதேச சபையும் அம்பகமுவ பிரதேச சபையும் ஒவ்வொன்றும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கொண்டிருந்தன. நாட்டின் வேறு பல பகுதிகளில் இதில் ஒரு சிறு பங்கு மக்களுக்கே ஒரு சபை இருந்தது.

நீண்டகாலக் கோரிக்கைகளுக்குப் பிறகு இரண்டும் மாறின. இரண்டு சபைகள் ஆறு சபைகளாகின. நுவரெலியாவோடு கொட்டகலையும் அக்கரப்பத்தனையும், அம்பகமுவவோடு மஸ்கெலியாவும் நோர்வூட்டும் வந்தன. 2018 பெப்ரவரியில் அவற்றுக்குத் தேர்தலும் நடந்தது. அதே ஆண்டில் 33ஆம் பிரிவும் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்தைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. இனிமேல் பிரதேச சபை தோட்டத்துக்குள் வரும் என்று நம்பினேன்.

சில இடங்களில் வந்தது. ஒரு துண்டு கொங்கிரீட் பாதையாக, ஒரு படிக்கட்டாக, ஒரு தெருவிளக்காக வந்தது. ஆனால் நடைமுறையில் இன்றும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதத்தோடுதான் பல வேலைகள் நடக்கின்றன. பிறகு 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடங்களுக்கும் மேலாகக் கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒரு உறுப்பினரும் இல்லை. வேலை செய்யாத உறுப்பினரைத் திட்டுவதற்காவது ஒரு ஆள் இருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

வாசலைக் கண்டுபிடிப்பவர்கள்

"லயத்தில் வீடு தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்" என்று சொல்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அதை ஏற்றுக்கொண்டவன்தான். பாதை மோசம், மழைக்காலத்தில் வழுக்கும், அட்டைக்கடி வேறு. தபால் திணைக்களத்தில் ஆட்கள் பற்றாக்குறை என்பதும் கற்பனை அல்ல.

ஆனால் மாதம் ஒருமுறை மின்மானி பார்க்க வருகிறவர் எங்கள் லயத்தில் ஒவ்வொரு காம்பராவின் முன்னாலும் நின்று, இலக்கத்தைப் பார்த்து, பட்டியலை அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அவருக்கு ஒரு கணக்கு இலக்கம் இருக்கிறது. நுண்கடன் கம்பனியிலிருந்து வாராவாரம் வருகிறவர் ஒரு நாளும் வாசல் மாறிப் போனதில்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் கொழுந்து மலைக்கே தேடிப் போகிறார். தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளர்கள் லயத்தின் கடைசிக் காம்பரா வரை வந்து, பிள்ளையின் பெயர் சொல்லிச் சுகம் விசாரிக்கிறார்கள்.

எங்களிடமிருந்து எடுக்க வேண்டிய ஒன்று இருக்கும்போது எங்கள் வாசல் எல்லோருக்கும் தெரிகிறது. எங்களுக்குத் தர வேண்டிய ஒன்று இருக்கும்போது மட்டும், தோட்டத்தின் பெயரோடு முகவரி முடிந்துவிடுகிறது.

இது புதிதும் அல்ல. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்களின் கழுத்தில் ஒரு தகரத் துண்டு தொங்கவிடப்பட்டது. எந்த மாவட்டம், எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. ஆள் வழிதவறாமல் தோட்டத்தில் போய்ச் சேர வேண்டும், வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. மனிதனைத் தோட்டத்துக்கு அனுப்ப அன்றைக்கே இலக்கம் இருந்தது. அந்த மனிதனின் பேத்திக்கு ஒரு கடிதத்தை அனுப்ப இன்னும் ஒரு இலக்கம் கிடைக்கவில்லை.

கடிதத்தோடு முடியாத விஷயம்

"இப்பதான் எல்லாம் போன்ல வருதே" என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். பாதி உண்மை. ஆனால் வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் வதிவிடத்துக்கு ஆதாரம் கேட்கிறார்கள். வதிவிடத்தை உறுதிப்படுத்த கிராம சேவகரிடம் போனால், தோட்டத்திலிருந்து கடிதம் வாங்கி வரச் சொல்கிறார். அடையாள அட்டை விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் உறுதிப்படுத்துவதுதான் நீண்டகால வழக்கம். 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமை 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை நீண்ட போராட்டத்தின் பிறகு முழுமையாகத் திரும்பக் கிடைத்தது. ஆனால் அரசுக்கும் குடிமகனுக்கும் இடையில் துரையின் கையெழுத்து இன்னும் நிற்கிறது. தோட்டத்தில் வேலை செய்யாத, கொழும்பில் கடையில் நிற்கிற பிள்ளைக்கும் அதே கையெழுத்துத்தான் வேண்டியிருக்கிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது இது இன்னும் வெளிச்சமானது. பாடசாலையிலும் கோயிலிலும் தங்கியிருந்த சனங்களிடம் விபரம் எடுத்தபோது, முகவரி என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே வரி எழுதப்பட்டது. எந்தக் காம்பரா இடிந்தது, எதில் வெடிப்பு, எதில் எத்தனை குடும்பம் என்பதை ஆட்கள் வாயால் சொல்லித்தான் விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. வீடு இடிந்தவரிடம், அந்த வீடு இருந்ததற்கு ஆதாரம் கேட்கப்படும் நிலை எவ்வளவு அவமானமானது என்பதை அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

என்ன செய்யலாம்?

காணி உரிமை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எங்கள் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் பதில். காணி உரிமை அடிப்படையானது, அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் அதைக் காரணம் காட்டி, இன்றைக்கே செய்யக்கூடியவற்றைத் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது. ஏழு பேர்ச்சஸ் காணியில் கட்டப்பட்ட இந்திய வீடுகளுக்குக் குடிபோன பல குடும்பங்களும் உறுதிப்பத்திரத்துக்காக வருடக்கணக்கில் காத்திருந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலதிகப் பத்தாயிரம் வீடுகளின் கதையும் எங்களுக்குத் தெரியும். அந்த வேகத்தில் போனால் முகவரிக்காக இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

எனவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன். முதலாவது, ஆறு பிரதேச சபைகளும் தங்கள் எல்லைக்குள் உள்ள தோட்டப் பாதைகளுக்குப் பெயரும், ஒவ்வொரு லயத்துக்கும் காம்பராவுக்கும் இலக்கமும் கொடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்ற வேண்டும். மேட்டு லயம், ஆத்து லயம் என்று சனங்கள் சொல்லும் பெயர்களே போதும், புதிதாகத் தலைவர்களின் பெயரைத் தேட வேண்டியதில்லை. இரண்டாவது, தபால் திணைக்களம் அந்த இலக்கங்களை ஏற்று, தோட்டக் காரியாலயத்தோடு நிற்காமல் டிவிசன் வரைக்குமாவது தன் ஊழியரை அனுப்ப வேண்டும். அந்த வேலைக்குத் தோட்டத்துப் பிள்ளைகளையே எடுக்கலாம். ஒரே பெயருள்ள மூன்று பேரில் யாருக்குக் கடிதம் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்றாவது, அதுவரைக்கும் பதிவுத் தபால், பரீட்சை, நியமனம், நீதிமன்றம் தொடர்பான கடிதங்கள் காரியாலயத்துக்கு வந்த திகதியையும் ஒப்படைத்த திகதியையும் எழுதும் ஒரு புத்தகம் ஒவ்வொரு தோட்டத்திலும் வைக்கப்பட வேண்டும். இதற்கு ஒரு கொப்பியும் ஒரு பேனையும் தவிர வேறு செலவில்லை.

தொழிற்சங்கங்களிடமும் ஒரு கேள்வி. சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் இந்த விடயம் கடைசியாக எப்போது வைக்கப்பட்டது? நாள் சம்பளத்தில் ஐம்பது ரூபாய்க்கு மாதக்கணக்கில் போராடுகிறோம். ஒரு கடிதம் தாமதமானதால் ஒரு வீட்டுக்குக் கிடைக்காமல் போகிற மாதச் சம்பளத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அந்தப் பிள்ளை தொலைபேசியில் கதைத்துப் பார்த்தாள். திகதி முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்களாம். போன வாரம் இன்னொரு விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் வந்தாள். முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. நகரத்தில் அவளுடைய மாமா வேலை செய்யும் பலசரக்குக் கடையின் இலக்கத்தையும் வீதியின் பெயரையும் எழுதினாள். "இங்க போட்டா வராதுங்க அண்ணா" என்றாள்.

அவள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வராத கடிதம், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு லாச்சிக்குள் பத்திரமாக வந்து சேரும். இந்த முறை நேரத்துக்குக் கிடைக்கும் என்று நானும் நம்புகிறேன். ஆனால் நகரத்தில் கடையில் நிற்கும் மாமா இல்லாத பிள்ளைகள் எந்த முகவரியை எழுதுவார்கள்?