கல்லின் மேனியையும் படமெடுங்கள்



உங்கள் இதழில் மாமல்லபுரம் கட்டுரையோடு வந்த படங்கள் அழகு. ஆனால் எல்லாமே முழுக் கோயில், முழுச் சிற்பம். கல்லை நெருங்கி எடுத்த படம் ஒன்றுகூட இல்லையே என்பது என் ஏக்கம்.

ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில், 1,300 ஆண்டு உப்புக்காற்று சிற்பங்களின் முகத்தை மழுக்கிவிட்டது. சில இடங்களில் கல்லின் மணிகள் தனித்தனியே துருத்தி நிற்கின்றன. ஐந்து ரதங்களிலோ, முடிக்காமல் விட்ட அடிப்பகுதிகளில் உளி கொத்திய தடம் வரிவரியாகத் தெரிகிறது. அந்தச் சிற்பியின் கை எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்றே ஊகிக்கலாம்! உச்சி வெயிலில் இதெல்லாம் கண்ணில் படாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு குழிக்கும் நிழல் கிடைக்கும். செல்போன் கேமராவே போதும், ஃபிளாஷ் வேண்டாம்.

படம் எடுப்பாக வர வேண்டுமென்று கல்லில் தண்ணீர் தெளிப்பதும் சாக்பீஸ் தேய்ப்பதும் கொடுமை. கல்லில் ஊறிய உப்பை இறக்கத் தொல்லியல் துறை காகிதக் கூழ் பூசிப் பாடுபட்ட இடம் அந்தக் கடற்கரைக் கோயில்.

ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், தேதி குறித்து ஆண்டுதோறும் எடுத்துவைத்தால் தேய்மானம் தெரியும். அப்படி வாசகர்கள் எடுக்கும் படங்களுக்கு மாதம் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், செங்கல்பட்டு