‘ஃபார்மேட்’ செய்தால் கணக்கு சாஃப்ட்வேர் திரும்பக் கிடைக்குமா?

“தீவனக் கடையும் நான்கு கறவை மாடுகளும் வைத்திருக்கிறோம். கடைக் கணக்கு, பால் கணக்கு எல்லாம் எட்டு வருடமாக ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. இப்போது அது ஆன் ஆவதற்கே 10 நிமிடம் ஆகிறது. தாம்பரத்தில் காட்டியபோது, ‘ஃபார்மேட் செய்தால் சரியாகிவிடும்’ என்கிறார்கள். டேலி, தமிழ் எழுத்து, பிரின்டர் என்று போட்டு வைத்திருக்கும் சாஃப்ட்வேர்களை அப்படியே பென் டிரைவில் எடுத்து வைத்து, பிறகு திரும்பப் போட முடியுமா?”

- வாசகர், படப்பை.

போட்டோவையும் பாட்டையும் காப்பி செய்வதுபோல சாஃப்ட்வேரை பென் டிரைவில் எடுத்து வைக்க முடியாது. காய்க்கிற தென்னையை அடியோடு வெட்டி எடுத்துப்போய் வேறு குழியில் நிறுத்தினால் பிழைக்குமா? அதே கதைதான். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ ஃபோல்டரில் கண்ணுக்குத் தெரிவது மரம் மட்டுமே. அதன் வேர்கள் விண்டோஸுக்குள், ‘ரெஜிஸ்ட்ரி’ எனப்படும் பதிவேட்டில் பரவிக் கிடக்கின்றன. ஃபார்மேட் செய்யும்போது அந்தப் பதிவேடு அழிந்துவிடும். பிறகு ஃபோல்டரை மட்டும் திரும்ப வைத்தால், பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் திறக்கவே திறக்காது. எடுத்து வைக்க வேண்டியது விதையை. அதாவது, சாஃப்ட்வேரைப் போடும் ‘செட்அப்’ ஃபைல், அதன் லைசென்ஸ் எண், அதில் உருவாக்கிய கணக்கு ஆகிய மூன்றையும்தான்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. இந்தக் கம்ப்யூட்டருக்கு ஃபார்மேட் உண்மையிலேயே தேவையா? எட்டு வருடப் பழைய இயந்திரம் மெதுவாவதற்குப் பல நேரங்களில் காரணம், உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டாலே 10 நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். பழைய டிஸ்கில் இருப்பதை அச்சு அசலாகப் புதியதில் இறக்குவதற்கு ‘குளோனிங்’ என்று பெயர். வாசகர் கேட்கும் ‘அப்படியே’ என்பது இந்த முறையில் மட்டுமே நடக்கும். டேலி, தமிழ் எழுத்து, பிரின்டர் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘குளோன்ஜில்லா’ என்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். எஸ்.எஸ்.டி வாங்க ரிச்சி தெருவரை போக வேண்டியதில்லை. தாம்பரம், குரோம்பேட்டைக் கடைகளிலேயே கிடைக்கும். கழற்றிய பழைய டிஸ்கை அழிக்காமல் அப்படியே வாங்கி வந்துவிட வேண்டும். அதைவிடச் சிறந்த பேக்கப் இல்லை.

வைரஸ் புகுந்திருந்தாலோ, விண்டோஸே கெட்டுப்போயிருந்தாலோ குளோனிங் உதவாது. நோயும் சேர்ந்தே புது டிஸ்குக்கு வந்துவிடும். அப்போது ஃபார்மேட்தான் வழி. டேலி வைத்திருப்பவர்கள் அதற்கு முன் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, ‘டேட்டா’ மெனுவில் உள்ள ‘பேக்கப்’ மூலம் ஒவ்வொரு கம்பெனியையும் வெளி டிஸ்கில் சேமிப்பது. கூடவே 10000, 100000 என்பதுபோல எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர்கள் இருக்கும். கம்பெனியைத் தேர்வு செய்யும் திரையில் அவை இருக்கும் இடம் தெரியும். அவற்றையும் காப்பி செய்துகொள்வது நல்லது. இரண்டாவது, லைசென்ஸை ‘சரண்டர்’ செய்வது. நிலத்தை ஒப்படைத்துவிட்டு மறுபடி குத்தகைக்கு எடுப்பதுபோல, புதிதாக டேலி போட்டதும் அதே சீரியல் எண்ணில் மீண்டும் ‘ஆக்டிவேட்’ செய்துகொள்ளலாம். இதற்கு சீரியல் எண்ணும், டேலியில் பதிவு செய்த இமெயிலும் கையில் இருக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு முன்பு போட்டுக் கொடுத்தவர் தன் இமெயிலையே கொடுத்து வைத்திருப்பதும் உண்டு. ஃபார்மேட்டுக்கு முன்பே அதைச் சரிபார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ‘கிராக்’ செய்த டேலி என்றால் திரும்பப் பெற லைசென்ஸே கிடையாது. கணக்கு மட்டுமே மிஞ்சும்.

விண்டோஸ் பற்றி அதிகக் கவலை வேண்டாம். முறையான விண்டோஸ் 10 என்றால், அதன் லைசென்ஸ் மதர்போர்டோடு இணைந்தது. அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தால், தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால், 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடுவதாகச் சொன்னால், அந்த இயந்திரத்துக்கு அது முறையாக ஏற்றதுதானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டு வருடப் பழைய கம்ப்யூட்டர்களில் பல, அதற்குத் தகுதி பெறாதவை.

பலரும் கோட்டை விடுவது தமிழ் எழுத்தில்தான். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முன்பும், ஏன், பின்பும்கூட கடைகளிலும் பத்திரம் எழுதும் இடங்களிலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் டைப் செய்தார்கள். இவற்றில் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தின் எண்ணை. எழுத்துரு அதன் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. ஃபார்மேட்டில் எழுத்துரு போய்விட்டால், ‘பாகப் பிரிவினை’ என்று அடித்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அதை அழித்துவிட்டால் போச்சு! கன்ட்ரோல் பேனலில் ‘ஃபான்ட்ஸ்’ பகுதியைத் திறந்து, பயன்படுத்தும் தமிழ் எழுத்துருக்களைக் காப்பி செய்துகொண்டால் பிறகு அதே வடிவம் வந்துவிடும். நேரம் இருப்பவர்கள் ‘என்.எச்.எம் கன்வெர்ட்டர்’ என்ற இலவச மென்பொருளில் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். அதன்பின் எந்த கம்ப்யூட்டரிலும், போனிலும் படிக்க முடியும்.

பிரின்டருக்கான டிரைவரை அந்த கம்பெனியின் இணையதளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து இறக்கலாம். வைஃபை டிரைவரை மட்டும் முன்பே பென் டிரைவில் வைத்திருப்பது நல்லது. அது இல்லாவிட்டால் மற்றதை இறக்க இன்டர்நெட்டே வராமல் போகலாம். மின் கட்டணம், ஜி.எஸ்.டி என்று குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் மறக்கக் கூடாது.

‘சி டிரைவைத்தான் அழிப்போம், டி டிரைவுக்கு ஒன்றும் ஆகாது’ என்பார்கள். அந்த இரண்டும் ஒரே டிஸ்கைப் பிரித்த இரண்டு பாத்திகள்தான். விண்டோஸ் போடும்போது வரும் பட்டியலில் ஒரு வரி மாறி அழுத்தினால் டி டிரைவும் போய்விடும். தவிர, டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் இருப்பது பெரும்பாலும் சி டிரைவில்தான். பட்டா, சிட்டா பி.டி.எஃப் எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கும்.

எடுத்த பேக்கப்பை அதே மேஜை இழுப்பறையில் வைப்பது அரைப் பாதுகாப்புதான். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ மழை பதிவானது. அடையாற்று வெள்ளம் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் கம்ப்யூட்டரும் பக்கத்தில் இருக்கும் பென் டிரைவும் சேர்ந்தே மூழ்கும். ஒரு பிரதி மேட்டுப்பகுதியிலோ வெளியூரிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். டேலி பேக்கப் ஃபைல் பெரும்பாலும் சிறியதுதான். கூகுள் டிரைவிலும் போட்டு வைக்கலாம்.

எல்லாம் திரும்பப் போட்டதும், போன மார்ச் 31-ம் தேதி இருப்புக் கணக்கை டேலியில் திறந்து, அப்போது பிரின்ட் எடுத்த தாளோடு ஒப்பிட வேண்டும். பாக்கி வைத்திருக்கும் நான்கைந்து பேரின் கணக்கையும் பார்க்க வேண்டும். எல்லாம் பொருந்தினாலும், அடுத்த ஜி.எஸ்.டி தாக்கல் முடியும்வரையாவது பழைய டிஸ்கில் கை வைக்க வேண்டாம்.