கூரைமேலே கதிரவன்!

ஓடும் வீடு ஒன்று உண்டு. அதிலே அடுப்பு இருக்கிறது, அலமாரி இருக்கிறது, படுக்கை இருக்கிறது, குளிக்க இடம் இருக்கிறது. அடியிலே சக்கரமும் இருக்கிறது! அமெரிக்க நாட்டிலே அதற்கு ஆர்.வி. என்று பெயர். உல்லாச வண்டி என்று பொருள்.

அந்த வண்டியின் கூரைமீது இன்று சூரியத் தகடுகள் பளபளக்கின்றன. பகலெல்லாம் வெயிலைப் பருகி, இரவெல்லாம் விளக்கை எரிக்கின்றன.

"சீமான்களின் பொழுதுபோக்கு ஐயா! அதற்கு ஒரு தலையங்கமா?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும், கேள்வி நியாயமானதே. ஆனால் பெயரைப் பார்த்துப் பொருளை முடிவு செய்துவிடலாமா? வண்டியின் பெயர் உல்லாசம். உள்ளே இருப்பவர் எல்லோரும் உல்லாசிகளா?

நெவாடா மாநிலத்திலே எம்பயர் என்றோர் ஊர். பேரரசு என்று பொருள்! பெயரிலேதான் பேரரசு, பிழைப்போ ஒரே ஒரு ஜிப்சம் ஆலை. 2011 ஜனவரியில் அந்த ஆலை மூடப்பட்டது. ஆலை வீடுகளில் குடியிருந்தோர், ஆலை போனதால் வீட்டையும் இழந்தனர். ஊருக்கென இருந்த அஞ்சல் குறியீட்டு எண்ணும் நிறுத்தப்பட்டது. ஆலை மூடினால் வேலை போகும் என்பது நாமறிந்த செய்தி. அங்கே முகவரியே போயிற்று!

2008-ல் வெடித்த பொருளாதார நெருக்கடி, கடனுக்கு வாங்கிய வீடுகளைப் பல இலட்சம் குடும்பங்களிடமிருந்து பிடுங்கிற்று. வாடகை கட்ட வழியற்ற முதியோர் பலர் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, பருவத்துக்கொரு ஊர், ஊருக்கொரு கூலி என்று அலையலாயினர். அவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய 'நோமேட்லாண்ட்' என்ற நூல் படமாகி, 2021-ல் ஆஸ்கார் பரிசும் பெற்றது. கதை பரிசு பெற்றது. கதைக்குரியவர்கள் என்ன பெற்றனர்?

அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைவனத்திலே, அமெரிக்க அரசின் நில மேலாண்மைத் துறை, செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நெடுநாள் தங்குவோருக்கு அனுமதிச் சீட்டு வழங்குகிறது. இடம் கிடைக்கும், மின்சார இணைப்பு கிடைக்காது. அங்கே மின்சாரம் வேண்டுமானால் வழி இரண்டு. ஒன்று, பெட்ரோலைக் குடித்துப் புகையைக் கக்கி, அண்டை அயலாரின் தூக்கத்தைக் கெடுக்கும் ஜெனரேட்டர். அதன் புகையிலே மணமும் இல்லாத, நிறமும் இல்லாத நஞ்சு வாயு உண்டு. மூடிய வண்டிக்குள் அது புகுந்தால், தூங்கியவர் விழிப்பதில்லை. மற்றொன்று, காசு கேளாத கதிரவன்!

கதிரவன் காசு கேட்பதில்லை. ஆனால் கணக்குக் கேட்கிறான்! இதை மறந்தவர்தாம் கடையிலே ஏமாறுகிறார்கள். 'பெரிய தகடு வாங்கு, பெரிய பாட்டரி வாங்கு' என்பான் விற்பவன். முதலிலே வாங்கவேண்டியது தகடு அல்ல, ஒரு தாளும் பென்சிலும்!

போட்டுப் பார்ப்போம் கணக்கை. 5 வாட் விளக்கு நான்கு, மாலையில் 5 மணி நேரம்: 100 வாட்-மணி. 30 வாட் விசிறி, இரவு 8 மணி நேரம்: 240. கைபேசிக்கும் மடிக்கணினிக்கும்: 160. 50 வாட் குளிர்பெட்டி, விட்டுவிட்டு ஓடி ஒரு நாளில் 12 மணி நேரம்: 600. ஆகமொத்தம் 1,100 வாட்-மணி. இதுதான் ஒரு நாள் வாழ்க்கை.

இதற்கு 100 வாட் தகடுகள் நான்கு. முழு வெயிலுக்கு ஈடான நேரம் நாளொன்றுக்கு 4 மணி என்று கொண்டால் 1,600. வெப்பத்திலும் தூசியிலும் கம்பியிலும் கால் பங்கு கழிந்தால் மிச்சம் 1,200. போதும்! ஆனால் குளிர்காலத்தில் கூரையோடு படிந்து கிடக்கும் தகட்டுக்கு 3 மணி நேரமே கிட்டலாம். வரவு 900, செலவு 1,100! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தக் கால் பொருத்துகிறார்கள்.

சேமித்து வைக்கப் பாட்டரி. ஈயப் பாட்டரியானால் பாதிக்குமேல் செலவிடலாகாது. செலவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்டவை இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையானால் பெரும்பகுதியைச் செலவிடலாம். ஒன்றே ஏறக்குறைய இரண்டின் வேலையைச் செய்யும். எடையோ 12 கிலோ அளவு. விலை கூடுதல். உறைபனிக் குளிரில் அதற்கு மின்னேற்றக் கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு.

"குளிர்காற்று இயந்திரமும் ஓடுமா?" என்று கேட்பவர் இருக்கிறார். அது ஓடும்போது 1,300 வாட் கேட்கும். நாள் முழுதும் குடும்பம் செலவிடுவதை ஒரே மணியில் விழுங்கிவிடும்! ஆசைக்கு எல்லை இல்லை. கூரைக்கு எல்லை உண்டே!

பொருள் வாங்கினால் மட்டும் போதாது, பொருத்தத் தெரியவேண்டும். தகட்டையும் கூரையையும் ஒட்டிவைத்தால் சூடு ஏறும். சூடு ஏறினால் மின்சாரம் குறையும். காற்றோட இடைவெளி விடவேண்டும். கூரையில் இடும் ஒவ்வொரு துளையையும் நீர்புகாப் பசையால் அடைக்கவேண்டும். இல்லையேல் வெயிலுக்கு வைத்த தகடு மழைக்கு வழிகாட்டிவிடும்! தகட்டின் ஒரு மூலையிலே நிழல் விழுந்தாலும், வரவில் பெரும்பங்கு போய்விடும். எனவே கூரைமேல் நிற்கும் காற்றுப்போக்கியின் நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தே இடம் குறிக்கவேண்டும்.

கம்பியிலேதான் பலர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 400 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 33 ஆம்பியர் ஓடும். அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் போதும். பத்து மடங்கு ஓட்டம் என்றால், அதே கம்பியில் நூறு மடங்கு இழப்பு! மெல்லிய கம்பி சூடாகும். சூடான கம்பி தீயாகும். பாட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்கவேண்டும். தகட்டுக்கும் பாட்டரிக்கும் நடுவே சார்ஜ் கன்ட்ரோலர் இருக்கவேண்டும். அதற்கு முதலில் பாட்டரியை இணைத்து, பிறகே தகட்டை இணைக்கவேண்டும். கழற்றும்போது முதலில் தகடு, பிறகு பாட்டரி. சிறிய விதிகள்தாம். சிறிய விதியை மீறினால் பெரிய விலை!

இந்தக் கருவி நேற்று முளைத்ததல்ல. 1954 ஏப்ரல் 25-ல் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கன் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். விழுந்த வெயிலில் 6 விழுக்காட்டையே அன்று மின்சாரமாக்கினர். 1958 மார்ச் 17-ல் வானேறிய வான்கார்ட்-1 என்ற சிறு கோளிலே, பாட்டரி சில மாதங்களுக்குள் செத்தது; சூரிய மின்கலமோ 1964 வரை பேசிற்று! இன்று கடையிலே விற்கும் நல்ல தகடு 20 விழுக்காட்டுக்குமேல் தருகிறது. விண்ணுக்குப் போன அறிவு மண்ணுக்கு வந்து, வேலையிழந்த மூதாட்டியின் கூரையிலே அமர்ந்திருக்கிறது. அறிவியலின் பெருமைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அறிவியல் தன் கடமையைச் செய்தது. அரசு செய்ததா?

2022-ல் இயற்றிய சட்டத்தின்மூலம், குடியிருப்பில் சூரிய மின்சாரம் அமைப்போருக்குச் செலவில் 30 விழுக்காட்டை வரியிலே கழித்துக்கொள்ள அமெரிக்க அரசு இடமளித்தது. படகு வீடும் நகர்த்தக்கூடிய வீடும்கூட அங்கே வீடு என்றே ஒப்புக்கொள்ளப்பட்டன. நல்ல ஏற்பாடு என்று நாமும் பாராட்டுவோம். ஆனால் உற்றுப் பாருங்கள்: கழிவு வரியிலேதான்! வரி கட்டுமளவு வருவாய் உடையவருக்கே கழிவு. வருவாய் குன்றி, வரியே கட்டவேண்டாதவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. மாளிகையின் கூரைக்கு மானியம். வண்டியிலே வாழ்பவருக்கு வாழ்த்து! பசித்தவனைப் பார்த்து, 'விருந்துண்டதற்கு இரசீது கொண்டுவா, பாதிப் பணம் தருகிறேன்' என்பது போன்றதல்லவா இது?

ஓட்டையைத் தைக்கவேண்டியவர்கள் சட்டையையே கிழித்தார்கள். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம், அவ்வாண்டு டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யும் செலவுக்கு அந்தக் கழிவே இல்லை என்று முடித்தது. வசதி படைத்தவர் கைக்காசைப் போட்டுப் பொருத்திக்கொள்வர். அவருக்கு அது இழப்பு, இடர் அல்ல. ஆனால், இனியேனும் நமக்கு வழி பிறக்காதா என்று எண்ணியிருந்த எளியோரின் கதி?

நாம் கேட்பது தருமம் அல்ல, முறை. வரியிலே கழிக்காமல், பொருள் வாங்கும் இடத்திலேயே விலையிலே கழித்திருந்தால், வரி கட்டாதவரையும் அந்த உதவி எட்டியிருக்கும். எந்த நாட்டு அரசானாலும், சூரிய மின்சாரத்துக்கு உதவி வகுக்கும்போது கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி ஒன்றே: பணம் உள்ளவன் கூரைக்கு மட்டுமா, கூரை அற்றவன் கைக்குமா?

வாக்களிக்கும் மக்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகவேண்டும். 'மானியம்' என்ற சொல் காதில் விழுந்ததும் கைதட்டிவிட்டு, அது யாருக்குப் போகிறது என்று பாராமல் கலைந்துவிட்டால், எளியவர் பெயராலே எழுதப்படும் திட்டம் வலியவர் வீட்டிலேதான் இறங்கும்.

பாலையிலே பொழுது விடிகிறது. நூறாயிரம் டாலர் வண்டியும் நிற்கிறது. நாற்பது ஆண்டுப் பழைய வேனும் நிற்கிறது. இரண்டின் கூரைமீதும் ஒரே வெயில்தான் விழுகிறது. இந்தக் கூரைக்கு அதிகம், அந்தக் கூரைக்குக் குறைவு என்று கதிரவன் பார்ப்பதில்லை.

கதிரவன் கற்றுத் தரும் இந்தப் பாடத்தை, ஆள்வோர் எப்போது படிப்பார்கள்?