உங்க முயல் என்ன ப்ரீடுன்னு கேக்காதீங்க

வீட்டுல முயல் வளர்க்கிறீங்களா? அப்போ வர்ற சொந்தக்காரங்க கேக்குற முதல் கேள்வி உங்களுக்கே தெரியும். "இது என்ன ப்ரீடு? ஒரிஜினலா, க்ராஸா?" ரெண்டாவது கேள்வி, "எவ்வளவு ஆச்சு?"

ரெண்டு வருஷம் முன்னாடி என் தங்கச்சி பிறந்தநாளுக்கு ஒரு முயல் வாங்கினோம். உள்ளங்கையில அடங்குற சாம்பல் நிறக் குட்டி. "இது சின்சில்லா டுவார்ஃப் தம்பி, எவ்வளவு வளர்ந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது"ன்னு சொன்ன கடைக்காரர், பக்கத்துக் கூண்டுக் குட்டிகளைவிட ரெண்டு மடங்கு விலை வாங்கினார். தங்கச்சி ராகின்னு பேர் வச்சா. அதே ஈத்துல பிறந்த ஒரு வெள்ளைக் குட்டியை எங்க மாடி வீட்டுக்காரங்க வாங்கினாங்க.

எட்டு மாசத்துல ராகி மூணு கிலோ. ஒரு கிலோ முயலுக்குன்னு வாங்கின கூண்டுல காலை நீட்டிப் படுக்கக்கூட இடம் இல்ல. அந்த எடையோட கம்பித் தரையிலயே உக்காந்து, பின்னங்கால் பாதத்துல முடி உதிர்ந்து புண்ணாயிடுச்சு. மாடி வீட்டு வெள்ளையும் அதே அளவுக்கு வளர்ந்துச்சு. "டுவார்ஃப்னு சொல்லி ஏமாத்திட்டான்"னு அவங்க ஒரு நாள் சாயங்காலம் அதை ஏரிக்கரையில கொண்டுபோய் விட்டுட்டாங்க. புல்லு நிறைய இருக்கு, பொழைச்சுக்கும்னு ஒரு சமாதானம். கூண்டுலயே பிறந்து வளர்ந்த வெள்ளை முயல், தெரு நாய்ங்க திரியுற ஏரிக்கரையில ஒரு ராத்திரி தாங்கியிருக்குமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஏமாத்தினது கடைக்காரர், தண்டனை மட்டும் முயலுக்கு. அதுக்கப்புறம்தான் நான் இந்த விஷயத்தை உக்காந்து படிச்சேன். படிச்சதுல எனக்குக் கிடைச்ச முடிவு இதுதான்: கலப்பின முயலைப் பார்த்து அதோட இனத்தைச் சொல்ல முடியாது. நிறத்தைச் சொல்ல முடியும். முதலாவது வெறும் ஊகம். ரெண்டாவது, நீங்களே வீட்டுல செஞ்சு பார்க்கக்கூடிய அறிவியல்.

இனத்தை ஏன் சொல்ல முடியாது? நம்ம பாஷையில சொன்னா, இந்த ஃபங்ஷனுக்கு இன்வெர்ஸ் கிடையாது. நெதர்லாந்து டுவார்ஃப்னா குட்டைக் காது, உருண்டை முகம், அதிகபட்சம் 1.1 கிலோ எடை. இது நேர் பாதை. ஆனா குட்டைக் காதும் உருண்டை முகமும் இருந்தா அது டுவார்ஃப்னு திருப்பிச் சொல்ல முடியாது. ஏன்னா அஞ்சு வார வயசுல கிட்டத்தட்ட எல்லா முயல் குட்டியும் அப்படித்தான் இருக்கும். நாலு கிலோவுக்கு மேல வளர்ற நியூசிலாந்து வெள்ளைக்கூட அந்த வயசுல கைக்கு அடக்கமான பஞ்சு உருண்டைதான்.

நீள முடியும் இதே கதை. அது ஒரு ஒடுங்கு பண்பு. முடி குட்டையா இருக்கிற ரெண்டு முயலுக்குக்கூட நீள முடிக் குட்டி பிறக்கலாம். கடையில அதுக்குப் பேர் உடனே "அங்கோரா".

அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் அங்கீகரிச்ச இனங்கள் மட்டுமே கிட்டத்தட்ட 50. போட்டோ எடுத்தா இனம் சொல்ற ஒரு ஆப்ல ராகியை மூணு கோணத்துல எடுத்துப் போட்டேன். மூணு தடவையும் மூணு இனம் சொல்லுச்சு. மெஷின் லேர்னிங் எலெக்டிவ் எடுத்தவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. தனக்குக் கத்துக்கொடுத்த வகைகள்ல ஒண்ணை அது சொல்லியே ஆகணும். "எதுவும் இல்ல"ங்கிற பதிலை யாரும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கல.

இனமே பொய்னு நான் சொல்ல வரல. கொடைக்கானல் பக்கம் மன்னவனூர்ல இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி மையத்துல ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்க்கிறாங்க. எது எதோட சேர்ந்துச்சு, என்ன குட்டி போட்டுச்சுன்னு தலைமுறை தலைமுறையா எழுதி வைக்கிற இடத்துல இனத்துக்கு அர்த்தம் இருக்கு. அந்தப் பதிவு இல்லாத கடைக் குட்டிக்கு அது வெறும் விலைப்பட்டியல்.

சரி, நிறத்துக்கு வருவோம். உங்க முயல் முதுகுல, முடிக்கு எதிர்த்திசையில மெதுவா ஊதுங்க. முடி ஒரு பூ மாதிரி விரியும். அங்க வளையம் வளையமா நிறம் மாறுதா? அடியில சாம்பல், நடுவுல ஆரஞ்சு, நுனியில கருப்பு. அப்படின்னா அது அகூட்டி, காட்டு முயலோட நிறம். வயிறும் கண்ணைச் சுத்தியும் வெளிறி இருக்கும். நடுவளையம் ஆரஞ்சுக்குப் பதிலா முத்து வெள்ளையா இருந்தா அதுதான் சின்சில்லா. வளையமே இல்லாம உடம்பு முழுக்க ஒரே நிறமா இருந்தா அது செல்ஃப். முதுகு ஒரே நிறம், வயிறும் கண்வட்டமும் மட்டும் வெளுப்புன்னா ஆட்டர்.

அடுத்து, அடிப்படை நிறம் கருப்பா சாக்லேட்டா? மூணாவது, அது அடர்த்தியா இருக்கா, நீர்த்துப் போயிருக்கா? நீர்ப்பு ஜீன் ரெண்டு பிரதி இருந்தா கருப்பு, புளூன்னு சொல்ற நீலச் சாம்பலாகும். சாக்லேட், லைலாக் ஆகும். மூக்கு, காது, கால், வால் மட்டும் கருத்து, மத்தது வெள்ளையா இருந்தா அது ஹிமாலயன் ஜீனோட வேலை. அந்த நிறமி என்சைம் குளிர்ச்சியான இடத்துலதான் ஒழுங்கா வேலை செய்யும். அதனால உடம்போட ஓரங்கள் மட்டும் கருக்கும். ஒரு எச்சரிக்கை: குட்டி முடியையும், முடி உதிர்ற சமயத்தையும் வச்சு முடிவு பண்ணாதீங்க. அஞ்சாறு மாசம் ஆகி, பெரிய முயலோட முடி வரட்டும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது சிவப்புக் கண் வெள்ளை முயல்தான். அதை நிறமே இல்லாத முயல்னு நினைப்போம். உண்மையில நிறமி உருவாகுறதைத் தடுக்கிற ஜீன் ரெண்டு பிரதி இருக்கு, அவ்வளவுதான். அகூட்டி, கருப்பு, சாக்லேட், நீர்ப்பு எது வேணும்னாலும் அடியில இருக்கலாம். மேல ஒரு வெள்ளைப் போர்வை.

இப்போ ராகி முதுகுல ஊதினேன். வளையம் இல்ல. அடியில இருந்து நுனி வரைக்கும் ஒரே நீலச் சாம்பல், வயிறும் அப்படியே. ஆக, கடைக்காரர் சொன்ன "சின்சில்லா"வும் தப்பு, "டுவார்ஃப்"பும் தப்பு. அது ஒரு புளூ செல்ஃப். இதுல இருந்து இன்னொண்ணும் தெரியுது. நீர்ப்பும் ஒரே நிறமும் ஒடுங்கு பண்புகள். அதனால ராகியோட அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஜீன்கள் ஒரு பிரதியாவது இருந்திருக்கணும். கூடப் பிறந்தது சிவப்புக் கண் வெள்ளை. அப்போ வெள்ளை ஜீனும் ரெண்டு பேர்கிட்டயும் இருந்திருக்கு. அவங்களை நான் பார்த்ததே இல்ல. ஆனா அவங்களைப் பத்தி மூணு விஷயம் உறுதியாச் சொல்ல முடியுது. "என்ன ப்ரீடு"ங்கிற கேள்வி எனக்கு ஒரு உண்மையைக்கூடத் தரல.

"ப்ரீடு தெரிஞ்சாத்தானே எப்படி வளர்க்கணும்னு தெரியும்?"னு நீங்க கேக்கலாம். தேவையானதை நேராவே அளக்கலாமே. எடை எவ்வளவுன்னு மாசம் ஒரு தடவை தராசுல வைங்க, கூண்டோட அளவை அது சொல்லும். முடி நீளமா இருந்தா அடிக்கடி சீவி விடணும், இல்லைன்னா சிக்கு விழும். ஆணா பெண்ணான்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஒரே மாசத்துல குட்டி போடுற உயிர் இது, கடைக்காரர் பேச்சை நம்பி ஜோடியா வாங்கி மாட்டிக்காதீங்க. எந்த இனமா இருந்தாலும் பல்லு வாழ்நாள் முழுக்க வளரும். அதனால காய்ஞ்ச புல்தான் பிரதான சாப்பாடு. நம்ம ஊரு வெயில் எந்த முயலுக்கும் ஆகாது.

நம்ம ஊர்ல "ஜாதி நாய்"னு ஒரு வார்த்தை இருக்கு. காசு கொடுத்து வாங்கினதுக்கு அந்தப் பேரு. தெருவுல இருக்கிறதுக்குக் கல்லு. பூர்வீகம் தெரிஞ்சாத்தான் மதிப்புங்கிற பழக்கம் முயல்ல ஆரம்பிச்சது இல்லன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாடி வீட்டு வெள்ளை முயல் செஞ்ச ஒரே தப்பு, அதுக்கு வேற யாரோ வச்ச பேருக்குள்ள அடங்காம வளர்ந்தது.

ராகி இப்போ ஹால்ல சுத்துது. கம்பித் தரைக்குப் பதிலா பாயும் சாக்கும் போட்டோம், கால் புண் ஆறிடுச்சு. போன வாரம் வந்த மாமா வழக்கம்போல "என்ன ப்ரீடு?"ன்னு கேட்டார். என் தங்கச்சி ராகியைத் தூக்கி அவர் மடியில வச்சு, "முதுகுல ஊதிப் பாருங்க மாமா"ன்னா.

நீங்களும் ஊதிப் பாருங்க.